வைத்திய அறிஞர் அலோயிஸ் அல்சைமர்

எங்கள் ஊர்களில் வயது முதிர்ந்த அப்புவோ ஆச்சியோ காலையில் உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்டால், பெற்ற மகனையே யாரென வினவினால், அறளை பெயர்ந்துவிட்டதென்று சொல்லி அப்பாற் செல்வது வழக்கம். இளையோர் சிரிப்பர், மூத்தோர் பெருமூச்செறிவர். அஃது ஒரு நோய் என்றோ, அந்நோய் மூளையிலே கண்ணாற் காணத்தக்க அடையாளங்களை விட்டுச் செல்கின்றதென்றோ எண்ணுவோர் சிலரே. அவ்வடையாளங்களைக் கண்டு, நோயாளியின் வரலாற்றோடு பொருத்திக் காட்டியவர் ஜேர்மனிய நாட்டு வைத்தியராகிய அலோயிஸ் அல்சைமர். அவர் பெயர் இன்று உலகெங்கும் நோயின் பெயராய் வழங்குகின்றது. பெயர் நோய்க்குப் போய்விட, மனிதரை உலகம் மறந்துவிட்டது. ஆதலின் அவர்தம் வாழ்வை இம்மலர் வாயிலாக இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அல்சைமர் 1864-ஆம் ஆண்டு யூன் மாதம் 14-ஆந் திகதி, பவேரியா நாட்டில் மைன் ஆற்றங்கரையிலுள்ள மார்க்பிறைற் என்னுஞ் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் எட்வேட் அல்சைமர் நொத்தாரிசு உத்தியோகம் பார்த்தவர். பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டுக் குடும்பம் அசாபென்பேர்க் என்னும் பட்டினத்திற்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பேர்லின், தியூபிங்கன், வூர்ஸ்பேர்க் ஆகிய சர்வகலாசாலைகளில் மருத்துவம் பயின்றார். மாணவப் பருவத்தில் அவர் அத்துணை அடக்கமானவர் அல்லர். அக்காலத்து ஜேர்மனிய மாணவர் சங்கங்களில் வாட்போர் ஆடுதல் பெருமையாகக் கருதப்பட்டது. அவ்விளையாட்டிலே பெற்ற வெட்டுத் தழும்பொன்று அவர் முகத்தின் இடப்புறத்தில் ஆயுள் முழுவதும் இருந்தது. அவருடைய படங்கள் பெரும்பாலும் வலப்புறந் தோன்ற எடுக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே என்பர்.

1887-ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற அவர் எழுதிய ஆய்வுரை, காதிலே குறும்பியைச் சுரக்கின்ற சுரப்பிகளைப் பற்றியது. பொருள் சிறிதென நகைப்பார் நகைக்கலாம். ஆனால் அச்சிறு பொருளிலேதான் நுணுக்குக்காட்டியைக் கையாளும் வித்தை அவருக்குக் கைவந்தது. பிற்காலத்தில் அவரை உலகுக்குக் காட்டியதும் அவ்வித்தையே.

1888-இல் பிராங்க்பேட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் உதவி வைத்தியராக அமர்ந்தார். கோபுரங்களுடன் விளங்கிய அக்கட்டடத்தைப் பைத்தியக்காரர் கோட்டையென்று நகரமக்கள் அழைத்தனர். அதனைக் கட்டுவித்தவர் ஹைன்றிச் ஹொப்மன். குழந்தைகளுக்கான படக்கதை நூலொன்றினாற் பெயர்பெற்ற அதே வைத்தியர். அவருக்குப் பின் தலைமை ஏற்ற எமில் சியோலி, நோயாளரைக் கட்டி வைத்தலையும் அடைத்து வைத்தலையும் இயன்றவரை ஒழிக்க முனைந்தவர். வெந்நீரில் நெடுநேரம் அமர்த்துதல், படுக்கையில் ஓய்வு, தோட்டத்தில் உலாவுதல், பொறுமையான உரையாடல் என்பனவே அங்கு முதன்மையான சிகிச்சைகள். இந்த உரையாடலில் அல்சைமர் தேர்ந்தவரானார். நோயாளியின் அருகிலமர்ந்து வினவுவதும், கிடைத்த விடையைச் சொல்லுக்குச் சொல் குறித்து வைப்பதும் அவர் வழக்கம்.

அடுத்த ஆண்டில் பிரான்ஸ் நிசல் என்னும் இளம் வைத்தியர் அங்கு வந்து சேர்ந்தார். நிசல், சாயங்களைக் கொண்டு நரம்புக்கலங்களை நிறமூட்டிக் காட்டும் முறையொன்றை வகுத்தவர். பகலெல்லாம் நோயாளரைப் பார்ப்பதும், இரவிலே இருவருமாக இறந்தோர் மூளையின் மெல்லிய துண்டங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்வதுமாக அவர்கள் நாட்கள் கழிந்தன. மனநோய் என்பது மனத்தளவில் மட்டும் நிகழ்வதா, அன்றி மூளையின் இழையத்தில் ஏற்படும் பழுதா என்பதே அவர்கள் முன் நின்ற வினா. அக்காலத்து மனநோய் மனைகளில் இடம்பிடித்திருந்தோரில் பலர் கிரந்தி நோய் மூளையைத் தாக்கியதால் அறிவு மயங்கியோர். அவர்தம் மூளையில் அந்நோயால் உண்டாகும் மாற்றங்களை அல்சைமர் பிற்காலத்தில் விரிவாக எழுதினார். 1904-இல் மியூனிச் சர்வகலாசாலையில் ஆசிரியத் தகுதிக்கென அவர் சமர்ப்பித்த பெருநூல் அதுவே. அன்னாரின் சமகாலத்தவர் அவரைப் பெரிதும் மதித்தது அந்நூலின் பொருட்டே ஆகும்.

பிராங்க்பேட்டில் இருந்த காலத்தே செசிலி என்னும் பெண்மணியை மணந்தார். அவர் வைர வணிகர் ஒருவரின் விதவை, செல்வம் மிக்கவர், யூத குலத்திற் பிறந்தவர். மூன்று பிள்ளைகள் பிறந்தனர். 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே செசிலி அம்மையார் காலமானார். குழந்தைகளைப் பராமரிக்க அல்சைமரின் தங்கையார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவரோ தம் துயரை ஆஸ்பத்திரி வேலையில் மறக்க முயன்றார். அவ்வாண்டு முடியுமுன்பே, அவர் வாழ்வையும் மருத்துவ வரலாற்றையும் மாற்றவிருந்த நோயாளி வாயிலில் வந்து நின்றார்.

1901 நவெம்பர் 25-ஆந் திகதி அனுமதிக்கப்பட்ட அவ்வம்மையார் பெயர் ஒகுஸ்தே. புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்த ஒருவரின் மனைவி, வயது 51. முதலிற் கணவன்மீது காரணமற்ற சந்தேகங் கொண்டார். பின்னர் சமையலில் தவறினார். பொருள்களை ஒளித்து வைத்து, வைத்த இடத்தை மறந்தார். இரவில் உறங்காது வீட்டுக்குள் அலைந்தார். யாரோ தம்மைக் கொல்ல வருகின்றனர் என்று கூவினார். மறுநாள் அல்சைமர் அவரருகில் அமர்ந்து பெயரை வினவினார். தம் பெயரைச் சரியாகச் சொன்னார். குடும்பப் பெயரைக் கேட்டதற்கும் அதே பெயரைச் சொன்னார். கணவன் பெயரைக் கேட்டதற்கும் அதையே தயங்கித் தயங்கிச் சொன்னார். மதிய உணவாக இறைச்சியும் பூக்கோவாவும் உண்டுகொண்டிருக்கையில், உண்பது என்னவென்று கேட்டபோது கீரை என்றார். எழுதச் சொன்னபோது முதற்சொல்லை எழுதியதும் அடுத்ததை மறந்துவிட்டார். ஒவ்வொரு சொல்லையும் மீண்டும் மீண்டும் சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அவர் வருந்தினார் என்பதையும் அல்சைமர் குறித்து வைத்தார்.

இதில் ஒன்றை வாசகர் கருத்திற் கொள்ள வேண்டும். மூப்பிலே அறிவு தளர்வதை அக்கால வைத்தியரும் அறிவர். எழுபதிலும் எண்பதிலும் வருவது இயற்கையெனக் கொண்டனர். ஆனால் 51 வயதில் இவ்வண்ணம் நேர்ந்ததை இயற்கையென்று ஒதுக்க இயலவில்லை. அல்சைமரின் கவனத்தை ஈர்த்தது அந்த அகாலமே.

அதன்பின் அவர் பிராங்க்பேட்டை விட்டு, புகழ்பெற்ற எமில் கிறேப்பலினிடம் சேர்ந்து ஹைடல்பேர்க் நகரில் சிலகாலம் இருந்தார். 1903-இல் அவருடனே மியூனிச் சென்றார். மியூனிச்சில் மூளையாராய்ச்சிக் கூடம் அவர் பொறுப்பாயிற்று. பல நாட்டு இளைஞர் அவரிடம் பயில வந்தனர். மூளை நோய்களின் பெயர்களிலே இன்றும் வழங்கும் குறொய்ட்ஸ்பெல்ட், யாக்கொப், லூவி ஆகியோர் அவருட் சிலர். லைபீரியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய கறுப்பின வைத்தியர் சொலமன் புல்லரும் அங்கு பயின்றவரே. தொடக்கத்தில் அவ்வேலைக்கு அல்சைமர் சம்பளம் பெறவில்லை. மனைவியார் விட்டுச்சென்ற பொருளே கைகொடுத்தது. பருத்த உடலும், மூக்குக் கண்ணாடியும், வாயிலே சுருட்டுமாக மாணவன் அருகில் வந்து குனிவார். சுருட்டை மேசைமேல் வைத்துவிட்டு நுணுக்குக்காட்டியில் ஆழ்ந்துவிடுவார். பின் அதனை மறந்து அடுத்த மாணவனிடம் போவார். மாலையில் ஒவ்வொரு மாணவன் மேசையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்குமாம். மறதி நோயை ஆராய்ந்தவரின் இந்த மறதியை அவர் மாணாக்கர் அன்போடு சொல்லிக்கொள்வர்.

மியூனிச் சென்ற பின்னரும் ஒகுஸ்தே அம்மையாரின் நிலையை விசாரித்தறிந்து வந்தார். அம்மையாரோ நாளடைவிற் பேச்சிழந்து, கால்களை மடக்கிப் படுக்கையிலே கிடந்து, படுக்கைப் புண்ணால் இரத்தம் நஞ்சாகி, 1906 ஏப்பிரல் 8-ஆந் திகதி உயிர் நீத்தார். சியோலி அம்மையாரின் மூளையையும் நோய்க்குறிப்புக்களையும் மியூனிச்சுக்கு அனுப்பி வைத்தார். உயிரோடிருக்கையில் அருகிலமர்ந்து வினவிய அதே வைத்தியரே, இறந்தபின் அம்மூளையையும் திறந்து பார்த்தார். இத்தகைய பொருத்தம் மருத்துவத்திற் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. ஒருவர் நோயாளியைக் காண்பார், வேறொருவர் சவத்தைக் காண்பார்; இருவர் அறிவும் இணைவது அரிது.

மூளை சுருங்கியிருந்தது. மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி என்பார் சில ஆண்டுகளுக்கு முன் வகுத்த வெள்ளியுப்புச் சாயத்தை அல்சைமர் மூளைத் துண்டங்களுக்கு இட்டார். அப்போது இரண்டு மாற்றங்கள் புலனாயின. நரம்புக்கலங்களின் உள்ளே இயல்பாக மெல்லியனவாய் ஓடும் நுண்ணார்கள் தடித்து, ஒன்றோடொன்று திரண்டு, சிக்குண்ட நூற்கட்டுப் போலக் கிடந்தன. கலம் அழிந்த இடத்தும் அச்சிக்கு மட்டும் அழியாது எஞ்சியிருந்தது. மூளையின் மேற்பட்டையிலே கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையான கலங்கள் இவ்வாறு கெட்டிருந்தன. கலங்களுக்கு வெளியே, தினை விதையளவான சிறு படிவுகள் மேற்பட்டையெங்கும் சிதறிக் கிடந்தன. படிவுகளை முன்னரே ஓரிருவர் கண்டதுண்டு. சிக்குகளை இவ்வாறு ஒரு நோயாளியின் வரலாற்றோடு விளக்கியவர் முன்பு இலர்.

1906 நவெம்பர் 3-ஆந் திகதி தியூபிங்கனிற் கூடிய தென்மேற்கு ஜேர்மனிய மனநோய் வைத்தியர் மாநாட்டில் இதனை எடுத்துரைத்தார். உரை முடிந்தது. ஒருவரும் வினா எழுப்பவில்லை, கருத்துரைக்கவுமில்லை. உளப்பகுப்பு முறையைப் பற்றிய சர்ச்சையிலேயே அவையின் ஆர்வம் ஊன்றியிருந்தது. அடுத்த ஆண்டில் அவ்வுரை சிறு கட்டுரையாக அச்சேறியது. நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ உலகம் திரும்பத் திரும்பப் பேசும் ஒரு செய்தி, முதன்முதல் சொல்லப்பட்டபோது மௌனத்தாற் பெறப்பட்டமை எமக்கு வியப்பளிக்கின்றது.

நோய்க்கு அவர் பெயரைச் சூட்டியவர் கிறேப்பலின். 1910-இல் வெளிவந்த தமது மனநோய் நூலின் எட்டாம் பதிப்பில், நடுவயதில் வரும் இம்மறதி நோயைத் தனியொரு நோயாகப் பிரித்து அல்சைமர் நோய் என்றார். இவ்விடத்து நியாயமாகப் பேச வேண்டுமானால் ஒஸ்கார் பிஷர் என்பாரையும் நினைவுகூர வேண்டும். பிராக் நகரத்தவராகிய அவர் 1907-இலேயே, மூப்பு மறதியால் இறந்த 16 பேரின் மூளைகளை ஆராய்ந்து, 12-இற் படிவுகளைக் கண்டு எழுதியவர். அவர் பெயர் நூல்களில் மங்கிப்போயிற்று; அவரும் 1942-இல் நாசிகளின் தெரேசியென்ஸ்ரட் சிறையிலே மாண்டார். பெயர் சூட்டியதில் மியூனிச்சுக்கும் பிராக்குக்கும் இடையிலான போட்டி கலந்திருந்தது என்பார் உளர். எவ்வாறாயினும், பிஷருக்கு உரிய பங்கு கொடுக்கப்படவில்லை என்பதே எம் துணிபு.

அல்சைமர் அப்பெயருக்காக வாதாடியவர் அல்லர். யோஹான் என்னும் இரண்டாவது நோயாளி 1910-இல் இறந்தபோது அவர் மூளையையும் ஆராய்ந்து மறு ஆண்டில் நீண்ட கட்டுரை எழுதினார். அம்மூளையிற் படிவுகள் மிகுதியாயிருந்தன; சிக்குகளோ இல்லை. கண்டதைக் கண்டவாறே அவர் எழுதினார். அதுமட்டுமன்று, இது தனிநோய்தானா, அன்றி மூப்பிலே வருகின்ற மறதி நோயே முந்தி வந்த வடிவமா என்று ஆராய்ந்து, இரண்டாவது கருத்தின் பக்கமே சாய்ந்தார். தம் பெயரால் ஒரு நோய் நூலேறிய மறு ஆண்டிலேயே அந்நோய் தனிநோயன்று எனக் கருதக்கூடிய நேர்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. உலகமோ கிறேப்பலினையே பின்பற்றியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, நடுவயதினர்க்கு வந்தால் அல்சைமர் நோய், முதியோர்க்கு வந்தால் வெறும் மூப்பு என்றே வைத்தியர் கொண்டனர். 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகர ஆராய்ச்சியாளர், மறதியால் வருந்திய முதியோரின் மூளைகளை எண்ணிக் கணக்கிட்டு, அவற்றிலும் அதே படிவுகளும் சிக்குகளும் இருப்பதைக் காட்டினர். 1976-இல் அமெரிக்க வைத்தியர் றொபேட் கட்ஸ்மன் இரண்டும் ஒன்றே என அழுத்தி எழுதினார். அன்றிலிருந்துதான் எங்கள் அப்புமார் ஆச்சிமாரின் மறதியும் நோயெனும் வரிசையில் இடம்பெற்றது.

1912-இல் பிறெஸ்லோ சர்வகலாசாலையில் மனநோய்த் துறைப் பேராசிரியர் பதவி அல்சைமருக்குக் கிடைத்தது. அந்நகர் இன்று போலந்து நாட்டில் விரொட்ஸ்வாவ் எனப்படுகின்றது. பதவியேற்கச் செல்லும் புகையிரதத்திலேயே நோயுற்றார். அந்நோய் இருதயத்தைப் பற்றியது. அதிலிருந்து முற்றாக மீளவேயில்லை. 1914-இல் மூண்ட உலகப்போர் வேலையை இருமடங்காக்கிற்று. இருதயமும் சிறுநீரகமும் தளர்ந்து, 1915 டிசெம்பர் 19-ஆந் திகதி இவ்வுலகை நீத்தார். வயது 51, ஒகுஸ்தே அம்மையார் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருந்த அதே வயது. பிராங்க்பேட் மயானத்திலே மனைவியார் அருகில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

அவர் கண்ட படிவும் சிக்கும் எப்பொருளால் ஆனவை என்பது அவர் காலத்தில் தெரியாது. நெடுங்காலத்தின் பின்னரே அது தெளிவாயிற்று. 1963-இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி, சிக்கின் நார்கள் சோடி சோடியாக முறுகிய இழைகள் எனக் காட்டியது. 1984-இல் அமெரிக்காவில் கிளெனர், வொங் என்னும் இருவர் நோயாளரின் மூளை இரத்தக் குழாய்களிற் படிந்திருந்த புரதத்தைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டில் மூளைப் படிவுகளிலும் அதுவே உளதென வேறு சிலர் நிறுவினர். அதன் பெயர் அமிலோயிட்டு. நரம்புக்கலத்தின் தோலிலே பதிந்திருக்கும் பெரிய புரதமொன்றை நொதியங்கள் இரண்டு இடங்களில் வெட்டும்போது உண்டாகும் சிறு துண்டு அது. ஏறத்தாழ 40 அமினோவமிலங்கள் கோத்தது. இரண்டு கூடி 42 ஆனால் ஒட்டுந்தன்மை மிகும். ஒன்றோடொன்று பற்றித் திரண்டு, கரையாது தங்கிவிடும்.

சிக்கின் பொருள் தௌ என்னும் வேறொரு புரதம். இளைஞர்க்கு விளங்குமாறு ஓர் உவமை கூறுவோம். நரம்புக்கலத்தின் நீண்ட வாலினுள்ளே உணவுப்பொருள் செல்லும் நுண்குழாய்கள் வேலிக் கதிகால்கள் போல வரிசையாய் நிற்கின்றன. அவற்றைத் தளராது பிணிக்கும் கட்டுக்கயிறே தௌ. பொசுபேற்று மிகுதியாய் ஏறினால் அக்கயிறு கதிகாலை விட்டுக் கழன்று, தன்னோடு தானே முடிச்சிட்டுக்கொள்ளும். வேலி சாயும், கலமும் மடியும். இவ்வழிவு முதலிற் காண்பது நினைவுக்குரிய பகுதிகளின் அருகில். அதனாலேதான் அறுபதாண்டுக்கு முந்திய திருமணம் நினைவிருக்க, காலையில் வந்துபோன விருந்தினர் மறந்துபோகின்றனர். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள. ஆதலின் இழப்பு நெடுங்காலம் வெளித்தெரிவதில்லை. மறதி தோன்றுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அமிலோயிட்டு படியத் தொடங்கிவிடுகின்றது என்பர்.

இவ்வளவு அறிந்தும் ஐயங்கள் தீர்ந்தபாடில்லை. மூளை நிறையப் படிவிருந்தும் அறிவு குன்றாது இறந்த முதியோரும் உளர். மறதியின் அளவோடு நெருங்கிப் பொருந்துவது படிவுகளன்று, சிக்குகளே. படிவை அகற்றும் லெக்கனெமாப் என்னும் மருந்து 2023-இல் அமெரிக்க அரசின் முழு அங்கீகாரம் பெற்றது. நோயின் தொடக்கத்தில் உள்ளோரில் தளர்ச்சியின் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றது. போன நினைவை மீட்பதில்லை. சிலருக்கு மூளையிலே வீக்கமும் இரத்தக் கசிவும் உண்டாக்குகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021-இல் மறதி நோய்களால் வருந்தியோர் 5 கோடி 70 இலட்சம் பேர். அவருள் நூற்றுக்கு 60 முதல் 70 பேருக்கு அல்சைமர் நோயே காரணம்.

ஒகுஸ்தே அம்மையாரின் நோய்க்குறிப்புக் கோவை நெடுங்காலம் காணாமற் போயிருந்தது. 1995 டிசெம்பரில், பிராங்க்பேட் சர்வகலாசாலைப் பேராசிரியர் கொன்றாட் மவுறரும் அவர்தம் துணைவரும் ஆஸ்பத்திரிப் பழஞ்சுவடிகளுக்கிடையே அந்த நீலநிற அட்டைக் கோவையைக் கண்டெடுத்தனர். அல்சைமரின் கையெழுத்திலே வினாவும் விடையும் வரிசையாக இருந்தன. அம்மையாரின் படமும் இருந்தது. தம் பெயரை எழுத முயன்று முடிக்காது விட்ட தாளும் இருந்தது. பின்னர் மியூனிச்சிலே, அவர் மூளையினின்று அல்சைமர் ஆக்கிய கண்ணாடித் தகடுகளும் கிடைத்தன. இன்றைய வைத்தியர் அவற்றை மறுபடி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, 1907-இல் எழுதப்பட்டவாறே படிவும் சிக்கும் நிறம் மாறாது தெரிந்தன. அத்தகடுகளிலிருந்து பரம்பரை அலகினைப் பிரித்து ஆராய்ந்த ஒரு சாரார், இளவயதில் நோய் வருவிக்கும் மாற்றமொன்றைக் கண்டதாக 2013-இல் அறிவித்தனர். மறு ஆண்டில் வேறொரு கூடத்தார் தேடியபோது அது காணப்படவில்லை. அவ்வினா இன்னும் முடிந்தபாடில்லை.